லண்டனிலிருந்து சிட்னிக்கு: எந்த வழியாகப் போவது?

வெகு தூரத்துக்கு டிக்கெட் எடுக்க உட்கார்ந்தால், பலரும் முதலில் செய்வது இரண்டு விமான நிலையங்களின் பெயரை இணையத்தில் ஒரு தூரக் கணிப்பானில் போட்டுப் பார்ப்பதுதான். லண்டன் ஹீத்ரோ, சிட்னி என்று போட்டால் சுமார் 17,016 கிலோமீட்டர் என்று வரும். கூடவே பறக்கும் நேரம் என்று இருபது, இருபத்தொரு மணி நேரக் கணக்கு ஒன்றும் வரும். தூரத்தை நம்பலாம். நேரத்தை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள். இதை எழுதும் வரை, இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே எங்கும் இறங்காமல் பறக்கும் வழக்கமான பயணிகள் சேவை கிடையாது. எங்கேயாவது ஓரிடத்தில் இறங்கியே ஆக வேண்டும். அது எந்த இடம் என்பதில்தான் பயணத்தின் சுகமும் அவதியும் இருக்கின்றன.

சிங்கப்பூர், துபாய் அல்லது தோகா, ஹாங்காங், பெர்த், லாஸ் ஏஞ்சல்ஸ் என்று வழிகள் பல. இவற்றைத் தூரத்தை வைத்து ஒப்பிடுவது வீண் வேலை என்பது என் உறுதியான கருத்து. பறக்கும் மணி நேரத்தை வைத்து ஒப்பிடுவதும் பாதி உண்மையைத்தான் காட்டும். தூக்கம் எந்த இடத்தில் வெட்டுப்படுகிறது, இணைப்பு விமானம் தவறினால் என்ன கதி என்ற இரண்டு கேள்விகளைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

தூரம் ஏன் பெரிய விஷயமில்லை

பூமி உருண்டை என்பதால், இரண்டு ஊர்களுக்கு நடுவே மிகக் குறுகிய வழி ஒரு பெருவட்டத்தின், அதாவது உருண்டையைச் சரிபாதியாகப் பிரிக்கும் வட்டத்தின், வில்லாக இருக்கும். கணிப்பான்கள் தருவது அந்த வில்லின் நீளத்தை. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ.; ஆகவே எந்த இரண்டு இடங்களும் ஒன்றுக்கொன்று அதிகபட்சம் 20,000 கி.மீ. தள்ளித்தான் இருக்க முடியும். லண்டனும் சிட்னியும் அதில் 85 விழுக்காட்டைத் தொடுகின்றன. கிட்டத்தட்ட உருண்டையின் எதிர்ப்பக்கம். நேர் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் புள்ளிக்கு எந்தத் திசையில் கிளம்பினாலும் தூரம் ஒன்றுதான். அதற்கு அருகில் இருக்கும் ஊர்களுக்கும் ஏறக்குறைய இதே நிலைமை. நடுவே எங்கே இறங்கினாலும் மொத்தத் தூரம் அவ்வளவாகக் கூடுவதில்லை.

கூட்டிப் பார்த்தால் தெரியும். ஹாங்காங் வழியாகப் போனால் மொத்தம் ஏறக்குறைய 17,040 கி.மீ.; நேர்வழியைவிட 25 கி.மீ. போலத்தான் கூடுதல். சிங்கப்பூர் வழி சுமார் 17,180. துபாய் வழி 17,540. பெர்த் வழி 17,780. பெர்த்துக்கும் ஹாங்காங்குக்கும் உள்ள வித்தியாசம் 740 கி.மீ., அதாவது வானத்தில் ஐம்பது நிமிடம். லாஸ் ஏஞ்சல்ஸ் வழி மட்டும் 20,800 கி.மீ.யைத் தாண்டி விலகி நிற்கிறது.

தட்டையான உலக வரைபடத்தில் அளவுகோலை வைத்துக் கோடு போட்டால் மத்தியக் கிழக்கும் இந்தியாவும்தான் வழியில் இருப்பது போலத் தெரியும். ஹாங்காங் எங்கோ ஒதுங்கிக் கிடக்கும். உண்மையான குறுக்குவழியோ பால்டிக் கடல், ரஷ்யா, சீனா, பிலிப்பைன்ஸ் என்று போகிறது.

இப்போது அந்தக் குறுக்குவழி எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. 2022 பிப்ரவரியிலிருந்து பிரிட்டிஷ், ஐரோப்பிய ஒன்றிய விமான நிறுவனங்கள் ரஷ்ய வான்வெளியில் பறக்க முடியாது. அதன் விளைவு எவ்வளவு பெரியது என்பதற்கு ஃபின்லாந்தின் ஃபின்ஏர் நல்ல உதாரணம். ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தவர்கள், வட துருவத்தைச் சுற்றிக்கொண்டு 13 மணி நேரம் பறக்க வேண்டியதாயிற்று. இரண்டு விமான நிலையங்களும் நகரவில்லை. கணிப்பான் காட்டும் தூரமும் மாறவில்லை. ஹாங்காங் வழியின் 25 கி.மீ. கதையும் இப்படித்தான், பல நிறுவனங்களுக்கு அது காகிதத்தில் மட்டுமே இருக்கிறது.

காற்றும் ஒரு காரணம். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் கிழக்கே போகும் விமானத்தைத் தள்ளிவிடும், மேற்கே வருவதை இழுத்துப் பிடிக்கும். 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. வழக்கமாக ஆறரை, ஏழு மணி நேரம் பிடிக்கும் தூரம் அது. நல்ல காற்றைத் தேடி விமானங்கள் வேண்டுமென்றே நீளமான பாதையில் போவதும் உண்டு. 2019 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் குவாண்டஸ் விமான நிறுவனம் ஐம்பது பேர் அளவில் ஏற்றிக்கொண்டு லண்டனிலிருந்து சிட்னிக்கு ஒரு சோதனைப் பயணம் நடத்தியது. எங்கும் இறங்காமல் 19 மணி 19 நிமிடம். ஆனால் பறந்த தூரம் சுமார் 17,800 கி.மீ.

ஒரு எளிய கணக்கு வேண்டுமானால் இப்படிப் போடுங்கள். கணிப்பான் தரும் தூரத்தோடு நான்கு விழுக்காடு கூட்டுங்கள். அதை மணிக்கு 900 கி.மீ.யால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் சேருங்கள். லண்டன்-பெர்த்துக்கு இதில் 17 மணி நேரத்துக்குச் சற்று மேல் வருகிறது. உண்மை நேரமும் அதை ஒட்டியதுதான். மேற்கு நோக்கி வரும்போது இன்னும் ஒரு மணி நேரம் போலக் கூட்டிக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டில் இருக்கும் நேரத்தைப் படிப்பது

டிக்கெட்டில் புறப்படும் நேரம் லண்டன் கடிகாரப்படி, சேரும் நேரம் சிட்னி கடிகாரப்படி இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆண்டு முழுக்க ஒன்றல்ல. லண்டனில் குளிர்காலமாக இருக்கும்போது 11 மணி, கோடையில் 9 மணி, மாறும் சில வாரங்களில் 10 மணி. திங்கள் இரவு 8 மணிக்குக் கிளம்பி புதன் காலை 6.30க்குச் சேருவதாக ஒரு டிக்கெட் இருந்தால், ஜனவரியில் அது இருபத்து மூன்றரை மணி நேரப் பயணம். ஜூலையில் அதே நேரங்கள் இருபத்தைந்தரை மணி நேரம். தேதியை மட்டும் மாற்றிவிட்டு "நேரம் ஒன்றுதானே" என்று விட்டுவிட்டால் இரண்டு மணி நேரம் கண்ணில் படாமலே போய்விடும்.

அப்புறம் வாசலிலிருந்து வாசல் வரை கணக்கு. வீட்டிலிருந்து விமான நிலையம், அங்கே முன்கூட்டியே போய்க் காத்திருக்கும் மூன்று மணி நேரம், இறங்கியபின் குடிவரவு, லக்கேஜ், பிறகு தங்கும் இடம். எந்த வழியில் போனாலும் இதில் ஆறு மணி நேரம் போய்விடும். ஒரு வழியில் 23 மணி நேரம், இன்னொன்றில் 24 என்பது அப்போது 29க்கும் 30க்கும் உள்ள வித்தியாசம். அந்த ஒரு மணி நேரத்துக்காக மோசமான இணைப்பைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

தூக்கம் எங்கே உடைகிறது

சிங்கப்பூர் வழியும் துபாய் வழியும் மொத்த நேரத்தில் ஏறக்குறைய சமம். ஆனால் உடம்புக்கு இரண்டும் ஒன்றல்ல. காரணம், பயணத்தை வெட்டும் இடம். லண்டனிலிருந்து துபாய் 7 மணி நேரம், அங்கிருந்து சிட்னி ஏறக்குறைய 14. சிங்கப்பூரானால் முதலில் 13 மணி நேரத்துக்குச் சற்று மேல், பிறகு 8க்குக் கொஞ்சம் குறைவு.

குளிர்காலத்தில் லண்டனை இரவு 9 மணிக்கு விடுவதாக வைத்துக்கொள்வோம். துபாய் விமானத்தில் ஏறியதும் சாப்பாடு, இறங்குவதற்கு முன் காலை உணவு. நடுவே தூங்கக் கிடைப்பது நாலு மணி நேரம் இருந்தாலே அதிகம். லண்டன் உடம்புக்கு அதிகாலை நான்கு மணி இருக்கும்போது, துபாயில் காலை எட்டு மணி வெயிலில் இறக்கிவிடுவார்கள். நல்ல உறக்கம் வர வேண்டிய வேளையில் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். பிறகு 14 மணி நேரம் ஒரே நீட்டு. அதில் முதல் பாதி தூங்கிவிட்டு, மறுபாதியில் விழித்துக் கிடந்து சிட்னியில் காலை ஏழு மணிக்கு இறங்கினால், அங்கே ஒரு முழுப் பகல் காத்திருக்கிறது.

அதே 9 மணிக்குச் சிங்கப்பூர் விமானத்தில் ஏறினால், சாப்பிட்டுவிட்டு ஏழு எட்டு மணி நேரம் தொடர்ந்து தூங்க இடம் இருக்கிறது. சிங்கப்பூரில் இறங்கும்போது அங்கே மாலை ஆறு மணியைத் தாண்டியிருக்கும். கால் வலி தீர நடந்து, முகம் கழுவி, எட்டு மணிக்கு அடுத்த விமானம். சிட்னியில் காலை ஆறே முக்காலுக்கு இறங்கலாம். இரண்டாம் விமானத்தில் தூக்கம் வரலாம், வராமலும் போகலாம்; அங்கே இரவு என்றாலும் லண்டன் உடம்புக்கு அது நடுப்பகல். ஆனாலும் முதல் இரவு உடையாமல் கிடைத்துவிட்டது. அது பெரிய லாபம்.

இதனால்தான் லண்டன்-சிட்னி பயணத்துக்குச் சிங்கப்பூரை நான் முதலில் வைக்கிறேன். காலையில் கிளம்பும் விமானம் என்றால் கணக்கு மாறும். அப்போது முதல் ஏழு மணி நேரம் பகலிலேயே போய்விடுவதால், துபாயிலோ தோகாவிலோ இரவில் ஏறி நீண்ட 14 மணி நேரத்தில் நன்றாகத் தூங்கலாம். தூங்கும் பகுதி நீளமாக இருக்க வேண்டும், விழித்திருக்கும் பகுதி குட்டையாக இருக்க வேண்டும். அட்டவணையைப் பார்க்கும்போது இதைத் தேடுங்கள்.

இணைப்பு தவறினால்

முதல் விமானம் இரண்டு மணி நேரம் தாமதம் என்று வையுங்கள். இப்போது நிறுத்தத்தின் அழகோ கடைகளோ உதவாது. அன்றைக்கு அங்கிருந்து சிட்னிக்கு இன்னும் எத்தனை விமானங்கள் என்பதுதான் கேள்வி. சிங்கப்பூர்-சிட்னி நெரிசலான தடம். பல நிறுவனங்கள் நாள் முழுக்கப் பறக்கின்றன. பெர்த்திலிருந்து சிட்னிக்கு உள்நாட்டு விமானங்களும் நிறைய. ஆனால் திரும்பும்போது, சிட்னியிலிருந்து வந்து பெர்த்தில் லண்டன் விமானத்தைத் தவறவிட்டால், அடுத்த நேர் விமானம் பெரும்பாலும் மறுநாள்தான்.

சிட்னியில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. இரவு 11 முதல் காலை 6 வரை அங்கே விமானங்களுக்குக் கட்டுப்பாடு. 1995ஆம் ஆண்டு சட்டமாகவே இயற்றியிருக்கிறார்கள். சில விதிவிலக்குகள் இருந்தாலும், இரவு பத்து மணிக்குப் புறப்பட வேண்டிய பயணிகள் விமானம் கோளாறு காரணமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் அன்றைக்குக் கிளம்புவது சந்தேகமே. சிட்னியிலிருந்து திரும்பும்போது கடைசி வேளை விமானத்தைத் தவிர்ப்பது நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியம், முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருப்பது. தனித்தனியாக வாங்கினால் சில சமயம் மலிவாகத் தெரியும். ஆனால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்கள் மேல் எந்தக் கடமையும் இல்லை. அவர்கள் கணக்கில் நீங்கள் வராத பயணி. பெட்டியையும் நடுவழியில் நீங்களே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும், அதற்கு அந்த நாட்டு விசா தேவைப்படலாம். ஒரே டிக்கெட் என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. இணைப்புக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் நான் எடுக்க மாட்டேன். நான்கு மணி நேரத்துக்கு மேலும் வேண்டாம்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. பிரிட்டிஷ் ஏர்வேஸும் குவாண்டஸும் சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு அதே விமான எண்ணில் தொடரும் சேவைகளை நடத்துகின்றன. நடுவே இறங்கி ஏறினாலும் இணைப்பு தவறும் பயம் மிகக் குறைவு. முதல் தடவை போகிறவர்களுக்கும், மொழி தெரியாமல் தனியாகப் போகும் பெரியவர்களுக்கும் இதுவே நல்லது.

லாஸ் ஏஞ்சல்ஸ் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 3,800 கி.மீ. கூடுதல். அமெரிக்காவில் விமானம் மாறுகிறவர்கூட அந்த நாட்டுக்குள் நுழைகிறவரைப் போலக் குடிவரவில் நின்றாக வேண்டும், அதற்கான விசாவோ முன் அனுமதியோ கையில் இருக்க வேண்டும். அங்கே வேலை இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

பெர்த்தும் வரப்போகும் நேர் விமானமும்

1947 டிசம்பரில் குவாண்டஸ் லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானத்தில் சிட்னியிலிருந்து லண்டனுக்கு முதன்முதலாகத் தன் சொந்தச் சேவையைத் தொடங்கியபோது டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலி என்று இறங்கி இறங்கிப் போக நான்கு நாள் ஆனது. 1989 ஆகஸ்டில் அதே நிறுவனம் ஒரு புத்தம் புதிய போயிங் 747-400ஐ லண்டனிலிருந்து சிட்னிக்கு இறங்காமல் ஓட்டிக் காட்டியது: 20 மணி 9 நிமிடம். கட்டணப் பயணிகள் இல்லை, தனி வகை எரிபொருள், ஓடுபாதை வரை வண்டியால் இழுத்துக்கொண்டு போய் விட்டார்கள். ஒவ்வொரு சொட்டையும் அப்படி மிச்சம் பிடித்தால்தான் முடிந்தது.

2018 மார்ச் 24 அன்று பெர்த்-லண்டன் நேர் சேவை போயிங் 787-9இல் தொடங்கியது. 14,500 கி.மீ., ஏறக்குறைய 17 மணி நேரம். பெர்த்தே உங்கள் இலக்கு என்றால் இதைவிட நல்லது எதுவும் இல்லை. சிட்னிக்குப் போகிறவருக்கு 17ஐத் தொடர்ந்து இன்னும் 4 மணி நேர உள்நாட்டு விமானம். அதற்கு நடுவே பெர்த்தில் குடிவரவு, பெட்டி எடுத்தல், உணவு, செடி, விதை போன்றவை கொண்டுவருகிறோமா என்று பார்க்கும் ஆஸ்திரேலியாவின் கண்டிப்பான உயிர்ப்பாதுகாப்புச் சோதனை எல்லாம். மிகக் களைத்த வேளையில் இவ்வளவு வேலை என்பதால் சிட்னிக்கு இதை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். இவ்வளவு நீளத் தடத்தில் வான்வெளி மூடப்பட்டால் உடனே அடி விழும் என்பதும் உண்மை. 2024 ஏப்ரலில் மத்தியக் கிழக்குப் பதற்றத்தால் பாதையை மாற்றியபோது, பெர்த்திலிருந்து லண்டன் போகும் விமானம் சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டியிருந்தது. 2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியபோது தோகா வழியாகப் போனவர்களும் மாட்டிக்கொண்டார்கள்.

அடுத்து வரப்போவது சிட்னி-லண்டன் நேர் சேவை. இதற்காகக் குவாண்டஸ் 2022இல் 12 ஏர்பஸ் ஏ350-1000 விமானங்களை வாங்க ஒப்பந்தம் செய்தது. கூடுதலாக 20,000 லிட்டர் தொட்டி, இருக்கைகள் 238 மட்டும். மற்ற நிறுவனங்கள் இதே வகை விமானத்தில் 300க்கு மேல் வைக்கின்றன. பயணம் 22 மணி நேரம் வரை போகலாம். நிறுத்தத்தோடு போவதைவிட 4 மணி நேரம் வரை மிச்சம் என்கிறார்கள். எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் செலவாகும் தூரம் இது. அதனால் இருக்கை குறைகிறது, குறைந்த இருக்கைகளே அந்தச் செலவைத் தாங்க வேண்டும். சிங்கப்பூர்-நியூயார்க் நேர் விமானங்களில் சாதாரண வகுப்பே இல்லை: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94, அவ்வளவுதான். படுத்துப் போகும் வகுப்பில் செல்பவருக்கு 4 மணி நேர மிச்சம் நல்ல பேரம். நெருக்கமான இருக்கையில் 20 மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டியவருக்கு அது மிச்சமா என்பதை அவரவர் முழங்காலைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

உடம்பு விஷயத்தில் விளையாட்டு கூடாது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் ரத்தக் கட்டி உண்டாகும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. அப்போதும் 6,000 பேரில் ஒருவருக்குத்தான். பயப்பட வேண்டிய அளவல்ல. ஆனால் முன்பே ரத்தக் கட்டி வந்தவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் நிறுத்தமுள்ள வழியைத் தேர்ந்தெடுத்து, அதற்கு முன் மருத்துவரையும் கேட்க வேண்டும். விமானத்தின் வகையையும் பாருங்கள். 787, ஏ350 போன்ற புதியவற்றில் கேபினுக்குள் காற்றழுத்தம் 6,000 அடி உயரத்துக்குச் சமம்; பழைய பலவற்றில் 8,000 அடி வரை போகும். நீண்ட பயணத்தில் தலைவலியும் களைப்பும் குறைய இது உதவும்.

ஆக, இரவில் கிளம்பும் தனி ஆளுக்கும் தம்பதிக்கும் சிங்கப்பூர், ஒரே டிக்கெட், இரண்டு மணி நேர இடைவெளி. காலையில் கிளம்புகிறவருக்கு வளைகுடா வழி. சின்னக் குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்கள் முடிந்தால் சிங்கப்பூரில் ஓர் இரவு தங்கிப் போகட்டும். ஒரு நாள் கூடும், ஆனால் சிட்னியில் இறங்கியபின் சுருண்டு கிடக்கும் நாள்களில் ஒன்று குறையும். இறங்கிய மறுநாளே வேலைக்குப் போக வேண்டியவருக்கு, நல்ல இருக்கை கிடைக்குமானால், நேர் விமானம் வந்தபின் அதுவே.

போகும் வழியும் திரும்பும் வழியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. திரும்பும்போது எதிர்க்காற்று, சிங்கப்பூர்-லண்டன் மட்டுமே 14 மணி நேரம் ஆகிவிடும். அதை இரவில் வருமாறு வைக்க வேண்டுமானால் சிட்னியை மாலைக்குள் விட வேண்டும். ஒரே நிறுவனக் கூட்டணிக்குள் போக ஒரு வழி, வர ஒரு வழி என்று ஒரே டிக்கெட்டில் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கிடைக்கும்.